பிகானேரிலிருந்து தனோட் வரை சைக்கிளில்: தயாரிப்புக்கு யோசனை வேண்டும்

குப்பம்_மிதிவண்டி (குப்பம்) · ஆகஸ்ட் 9

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் தார்ப் பாலைவனத்தில் சைக்கிள் ஓட்டப் போகிறேன். பாதை: பிகானேர், கோலாயத், ஃபலோடி, பொக்ரான், ஜெய்சல்மேர், ராம்கட், பாகிஸ்தான் எல்லையோரம் உள்ள தனோட், லோங்கேவாலா, மறுபடி ஜெய்சல்மேர். மொத்தம் ஏறக்குறைய 600 கி.மீ. இரண்டு வாரம் விடுப்பு. ரயிலுக்குப் போக எட்டு நாள் மிதிக்கக் கிடைக்கும்.

இதுவரை நான் போன நீண்ட பயணம் குப்பத்திலிருந்து புதுச்சேரி, இரண்டு நாள். வழியெல்லாம் டீக்கடை, ஹோட்டல். பையில் ஒரு செட் துணியும் பஞ்சர் சாமானும் தவிர வேறெதுவும் இல்லை. இந்த முறை படுக்கை, சாப்பாடு, உதிரிபாகம் எல்லாவற்றையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும்.

வண்டி ஸ்டீல் சட்டம் போட்ட ஹார்டுடெயில் (முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர்), 29 அங்குலச் சக்கரம். கியர் பல்சக்கரம் முன்னால் 32 பல், பின்னால் 11–46. இப்போது 2.1 அங்குல டயர் இருக்கிறது. அகலமான டயர் தேவையா? சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பெரிய பை போதுமா, இல்லை கேரியர் போடலாமா? மணலுக்குச் சங்கிலி எண்ணெய் எது நல்லது? ஏற்கெனவே போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று இருக்கிறேன்.


முன்னாள்_ஹவில்தார் (சித்தூர், ஆந்திரா) · ஆகஸ்ட் 9

தம்பி, நான் சைக்கிளில் போனவன் இல்லை. ஆனால் ஜெய்சல்மேர் பக்கம் இரண்டு குளிர்காலம் பணியில் இருந்தேன். அந்த மண்ணைத் தெரியும்.

உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். டயர் இருக்கிறது, பை இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. தண்ணீர் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீங்கள் பாதையை ஊர்ப்பெயராக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தண்ணீர் கிடைக்கும் இடமாக மாற்றி எழுதுங்கள். பிகானேர் முதல் ஜெய்சல்மேர் வரை சுமார் 330 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை. தாபா உண்டு, லாரி போகும், அங்கே பயமில்லை. ஜெய்சல்மேரைத் தாண்டினால் கதை வேறு. ராம்கட் 60 கி.மீ.க்கு மேல். அங்கே கடைவீதி உண்டு. ராம்கட்டிலிருந்து தனோட் இன்னும் 55, 60 கி.மீ. இடையில் கடை இருக்கும் என்று நினைத்தே போகாதீர்கள். தனோட் மாதா கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையினர்தான் பராமரிக்கிறார்கள், அங்கே தண்ணீர் கிடைக்கும். தனோட்டிலிருந்து லோங்கேவாலா 40 கி.மீ. அளவு. அதுவும் வெறும் மணல்மேடுதான்.

காரில் போகிறவனுக்கு 60 கி.மீ. ஒரு மணி நேரம். எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு அது ஒரு முழுப் பகல். குளிர்காலத்தில் அங்கே காற்று பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். பிகானேரிலிருந்து தென்மேற்காக இறங்குவதால் முதல் பாதி உங்களுக்குச் சாதகம். ராம்கட்டுக்கு மேல் வடமேற்காகத் திரும்புகிறீர்கள். அன்றைக்குத்தான் சோதனை. காற்று அடித்தால் தார்ச்சாலை மேலேயே மணல் ஏறி நிற்கும், சில இடத்தில் சாலையே தெரியாது.

இன்னொன்று. சாலையை விட்டு இறங்காதீர்கள். பொக்ரான் பக்கம் பீரங்கிப் பயிற்சி நடக்கும் இடங்கள் இருக்கின்றன, வெடிக்காத குண்டு மணலுக்குள் கிடக்கலாம். எல்லையை ஒட்டி 2001–02இல் கண்ணிவெடி பதித்து, பிறகு எடுத்தார்கள். வேலி கட்டிய இடம், பலகை வைத்த இடம் எதையும் குறுக்குவழியாக நினைக்க வேண்டாம். தனோட்டுக்கு அப்பால் எல்லைப் பக்கம் போக அனுமதி வேண்டும். ஜெய்சல்மேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும்.


கொழிஞ்சாம்பாறை_காற்று (பாலக்காடு மாவட்டம்) · ஆகஸ்ட் 10

ஹவில்தார் ஐயா சொன்னதற்கு மேல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. காற்றைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் காற்றுக்குள்ளேயே வாழ்கிறவர்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் மட்டும் 30, 40 கி.மீ. அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து அடிக்கும், டிசம்பர் ஜனவரியில் கிழக்கிலிருந்து. கேரளா என்றாலே மழை என்று நினைப்பார்கள். எங்கள் வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் வந்து பாருங்கள், வறண்ட பூமி. நான் வேலந்தாவளத்திலிருந்து எதிர்காற்றில் மணிக்கு 11 கி.மீ.க்கு மேல் ஓட்ட முடியாமல் வந்த நாள் உண்டு. சமதளத்தில்! மலையேற்றத்துக்கு ஒரு உச்சி உண்டு, ஏறினால் முடிந்தது. காற்றுக்கு அது கிடையாது. மனதைத்தான் அது முதலில் அடிக்கும்.

அதனால் வேகத்தைப் பார்க்காமல் ஓட்டிப் பழகுங்கள். மணிக் கணக்கு மட்டும் போதும். ஆறு மணி நேரம் மிதித்தேன், அவ்வளவுதான். கைப்பிடி மேல் பெரிய பை கட்டினால் காற்று அதைப் பிடித்துத் தள்ளும். கனமான பொருளைச் சட்டத்துக்குள் முக்கோணப் பையில், தாழ்வாக வையுங்கள். தண்ணீர் புட்டிகளை முன் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் கட்டலாம். சீட்டுப் பையில் துணி, படுக்கை மாதிரி லேசான பொருள் மட்டும்.


பஞ்சர்கடை (மதனப்பள்ளி) · ஆகஸ்ட் 10

டயர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 2.1 போதாது. சட்டத்தில் இடமிருந்தால் 2.4 போடுங்கள். தார்ச்சாலையில் காற்றழுத்தம் 28, 30 பிஎஸ்ஐ, மணல் மூடிய இடத்தில் 15, 18 வரை இறக்குங்கள். காற்றை இறக்கினால் டயர் பரவி மணல் மேல் நிற்கும், இறுக்கி வைத்தால் கத்தி மாதிரி உள்ளே போகும். மணல் தாண்டியதும் மறுபடி அடிக்க வேண்டும், சோம்பல் பட்டால் ரிம் அடிபடும். அதனால் நல்ல பம்பு முக்கியம்.

முள் விஷயம். அங்கேயும் நம்ம வேலிகாத்தான் இருக்கிறது, நெருஞ்சி இருக்கிறது. டியூப்லெஸ் போட்டு சீலண்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். ஆனால் சீலண்ட் வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். கிளம்பும் வாரத்தில் புதிதாக ஊற்றி, ஒரு சின்ன புட்டி கையில் வையுங்கள். குத்திய நெருஞ்சி முள்ளைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றி சீலண்ட் அந்த இடத்துக்கு வந்த பிறகு பிடுங்குங்கள்.

அதற்கு மேலும் இரண்டு டியூப் கட்டாயம். 29 அங்குல டியூப் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. பைக் பஞ்சர்கடை எல்லா ஊரிலும் உண்டு, ஒட்டித் தருவான். ஆனால் அவன் கம்ப்ரசர் வாய் உங்கள் ஒல்லியான பிரெஸ்டா வால்வில் உட்காராது. சின்னப் பித்தளை மாற்றி ஒன்று, பத்து இருபது ரூபாய் சாமான், அதை வால்விலேயே திருகி வையுங்கள். சங்கிலிக்கு உருகிய மெழுகு. எண்ணெய் போட்டால் மணல் ஒட்டி அரம் மாதிரி பல்லைத் தின்றுவிடும். சங்கிலி இணைப்பு இரண்டு, டிரெய்லியரை (கியர் மாற்றும் கருவி) சட்டத்தோடு பிடிக்கும் ஹேங்கர் ஒன்று, போக்ஸ் கம்பி நாலு. ஹேங்கர் ஒவ்வொரு வண்டிக்கும் வேறு வேறு, அங்கே போய்த் தேட முடியாது.


தத்தமங்கலம்_செவிலி (பாலக்காடு மாவட்டம்) · ஆகஸ்ட் 11

ஹவில்தார் ஐயா ஆந்திரச் சித்தூர். நானும் சித்தூர் தாலுகாதான், ஆனால் கேரளச் சித்தூர். இரண்டு சித்தூர்க்காரரும் ஒரே இழையில் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம், சந்தோஷம்.

தம்பி, எவ்வளவு தண்ணீர் என்று ஊரைக் கேட்காதீர்கள், உங்கள் உடம்பைக் கேளுங்கள். கிளம்புமுன் உடை இல்லாமல் எடை பாருங்கள். இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து வியர்வை துடைத்து மறுபடி எடை. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். அதோடு குடித்ததைக் கூட்டி இரண்டால் வகுத்தால் மணிக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று தெரியும். வெயில் நாளில் ஒரு தடவை, மேகமூட்டமான நாளில் ஒரு தடவை செய்யுங்கள்.

உப்பையும் மறக்கக் கூடாது. வெறும் தண்ணீரை மட்டும் நாள் முழுக்கக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பார்கள், நிலைமை மோசமாகும். மருந்துக்கடையில் உலகச் சுகாதார அமைப்பின் கலவை என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பொட்டலம் வாங்குங்கள். 20.5 கிராம் பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் நல்லதற்குப் பதில் கெடுதல். 1971இல் வங்காள அகதி முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மஹலானாபிஸ் இதே உப்பு, சர்க்கரை, தண்ணீரை வைத்துத்தான் அத்தனை உயிரைக் காப்பாற்றினார். சாதாரணப் பொருள் என்று அலட்சியம் வேண்டாம்.

வழியில் மோர் கிடைத்தால் உப்புப் போட்டுக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்த மஞ்சளானால் நிழலில் உட்காருங்கள், ஓட்ட வேண்டாம்.


குப்பம்_மிதிவண்டி · ஆகஸ்ட் 17

அக்கா சொன்ன மாதிரியே பார்த்தேன். வெயில் நாளில் இரண்டு மணி நேரம். 700 மில்லி குடித்தேன், எடை 1.1 கிலோ குறைந்தது. மணிக்கு 900 மில்லி! நான் இதுவரை ஒரு நாளைக்கு இரண்டு புட்டி போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேகமூட்டத்தில் 550 வந்தது.

ஹவில்தார் ஐயா, பாதையை மறுபடி எழுதினேன். ராம்கட் முதல் தனோட் வரை எதிர்காற்றில் ஏழு மணி நேரம் என்று வைத்தால், குளிர் நாளிலும் நாலு லிட்டர் மிதிப்பதற்கே போகும். வழியில் மாட்டினால் ராத்திரிக்கு இரண்டு லிட்டர் கூடுதல். ஆக ஆறு. ஆறு லிட்டர் என்றால் ஆறு கிலோ. என் பை எல்லாம் சேர்த்தே எட்டு கிலோதான் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வடிகட்டும் குழாய் ஒன்று வாங்கி, வழியில் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாமா? சுமை குறையுமே.


முன்னாள்_ஹவில்தார் · ஆகஸ்ட் 17

வேண்டாம். அந்த வடிகட்டி கிருமியைத்தான் நிறுத்தும். உப்பையும் ஃபுளோரைடையும் நிறுத்தாது. அந்தப் பக்கம் நிலத்தடி நீர் பல இடத்தில் உப்புக் கரிக்கும். ஊர்க்காரர்கள் மழைநீரைத் தரைக்கடியில் கட்டிய தொட்டியில் சேர்த்து வைப்பார்கள், டாங்கா என்பார்கள். மூடி போட்டு இருக்கும். அது ஒரு குடும்பத்தின் வருடத் தண்ணீர். யாரும் இல்லையென்று மூடியைத் திறந்து எடுக்கக் கூடாது. கேளுங்கள், கேட்டால் கொடுக்காதவர்கள் அங்கே இல்லை. ஆனால் கேட்டு வாங்கும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் கிளம்புங்கள்.

ஆறு லிட்டர் சரியான கணக்கு. சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் துணியில் குறையுங்கள். அதிலும் குளிர் உடுப்பில் கை வைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பகலில் 24, 25 டிகிரி சுகமாக இருக்கும், ராத்திரி 7, 8க்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. மணல் சூட்டைப் பிடித்து வைக்காது. எங்களில் தெற்கத்திப் பையன்கள்தான் முதல் வாரம் நடுங்குவார்கள்.


சத்தியவேடு_ஜன்னல் (சத்தியவேடு) · ஆகஸ்ட் 19

சமைக்க சின்ன கேஸ் அடுப்பு எடுத்துப் போவீர்களா?


கொழிஞ்சாம்பாறை_காற்று · ஆகஸ்ட் 19

கேஸ் உருளையை ரயிலில் கொண்டு போகக் கூடாது, ஸ்பிரிட்டும் அப்படித்தான். சமையலுக்குத் தண்ணீரும் செலவாகும். சமைக்காமல் போவதே நல்லது. தாபாவில் பாஜ்ரா ரொட்டியும் பருப்பும் வயிறு நிறையக் கிடைக்கும். பையில் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், சத்துமாவு.

சொல்ல மறந்த ஒரு முக்கியமான விஷயம். வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி வாங்க யாராவது நினைக்கலாம். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டவர் சிலர் அதற்காகப் பிடிபட்டிருக்கிறார்கள். எல்லைப் பகுதியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாதாரண ஜிபிஎஸ் உள்ள போன், இறக்கி வைத்த வரைபடம், காகித வரைபடம் ஒன்று, இவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு நேரம் சொல்லி வையுங்கள்: இன்ன நாள், இன்ன மணிக்குள் பேசவில்லையென்றால் இன்ன எண்ணுக்குக் கூப்பிடு என்று.


குப்பம்_மிதிவண்டி · ஆகஸ்ட் 20

புரிந்தது. அப்படியானால் முதலில் இங்கேயே ஒரு ஒத்திகை போக வேண்டும். மணலும் வேண்டும், வறட்சியும் வேண்டும். தூத்துக்குடிப் பக்கத் தேரிக்காட்டு மணல் தூரம். பக்கத்தில் ஏதாவது?


பஞ்சர்கடை · ஆகஸ்ட் 20

அனந்தபுரம் இருக்கும்போது ஏன் தூரம் போகிறீர்கள்? ஆந்திராவிலேயே மழை மிகவும் குறைந்த மாவட்டம் என்று பள்ளியில் படித்தோமே. வருடத்துக்கு 550 மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் ராயதுர்கம் பக்கம் கணேகல், பொம்மனஹால் மண்டலங்களில் நிஜமாகவே மணல்மேடு இருக்கிறது. வேதவதி ஆற்று மணல், அங்கே ஹகரி என்பார்கள், காற்றில் கிளம்பி வயலை மூடி நிற்கும். ஆந்திராவுக்குள்ளே ஒரு குட்டிப் பாலைவனம். முழுச் சுமையோடு போய் வாருங்கள். வழியில் நம் கடை இருக்கிறது, ஒரு ராத்திரி தங்கலாம்.


குப்பம்_மிதிவண்டி · அக்டோபர் 6

ஒத்திகை போய் வந்தேன். குப்பம், பலமநேர், புங்கனூர், மதனப்பள்ளி முதல் நாள். அடுத்து கதிரி. மூன்றாம் நாள் அனந்தபுரம். நான்காம் நாள் கணேகல். திரும்பி வந்தது பேருந்திலும் ரயிலிலும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் நன்றாகப் போனது. மதனப்பள்ளி அண்ணன் வீட்டில் ராகி சங்கடியும் கடலைச் சட்னியும். அவர் என் சீட்டுப் பையைத் தூக்கிப் பார்த்து, இது வாலாட்டும் என்றார். நான் கேட்கவில்லை. கதிரி இறக்கத்தில் பை இடமும் வலமுமாக ஆடி ஒரு வளைவில் விழப் பார்த்தேன். அன்றிரவே உதிரிபாகம், டியூப் எல்லாவற்றையும் சட்டப் பைக்கு மாற்றினேன்.

மூன்றாம் நாள்தான் பாடம். கதிரிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவில் ஒரு ஊரைத் தண்ணீர் நிறுத்தமாகக் குறித்திருந்தேன். அங்கே குடிநீர் பிளான்ட் இருப்பது வரைபடத்தில் தெரிந்தது. இரண்டு லிட்டரோடு கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. கரண்ட் இல்லை, பிளான்ட் பூட்டியிருந்தது. கடையும் சாத்தியிருந்தது. இருப்பது ஒரு லிட்டர், அடுத்த ஊர் 18 கி.மீ. பரவாயில்லை என்று கிளம்பினேன். பத்தாவது கிலோமீட்டரில் தலைவலி, அப்புறம் குமட்டல். ஓஆர்எஸ் பொட்டலம் பையில் இருந்தது, கரைக்கத் தண்ணீர் இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வேர்க்கடலை வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று எதுவும் கேட்கவில்லை. தன் பிளாஸ்டிக் குடத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தார். பொட்டலத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன்.

நம் ஊரில், பேச்சு தெரிந்த இடத்தில், அக்டோபரிலேயே இப்படி. ராம்கட் தாண்டி இப்படி ஆகியிருந்தால் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

கணேகல் மணலில் ஒரு பகல் பழகினேன். மொத்தம் ஏழு பஞ்சர், ஆறு தானாக அடைத்துக்கொண்டது. ஒன்றுக்கு மட்டும் பிளக் (ஓட்டையில் செருகும் ரப்பர் துண்டு) போட்டேன். காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கியதும் வண்டி நின்று நிதானமாகப் போனது. எடையைப் பின்னால் தள்ளி, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, தூரத்தில் கண்ணை வைத்தால் நேராகப் போகிறது. சக்கரத்துக்கு முன்னால் பார்த்தால் புதைகிறது. விடிகாலையில் பனி ஈரத்தில் மணல் கெட்டியாக இருக்கும், பத்து மணிக்கு மேல் பொடியாகிவிடும். பிடிக்கவில்லையென்றால் முன்னமே இறங்கித் தள்ளுவது நல்லது. முட்டி மோதி மிதித்ததில் எனக்கு முழங்கால் வலித்தது.


தத்தமங்கலம்_செவிலி · அக்டோபர் 6

அந்த அம்மாவுக்கு நல்லதே நடக்கட்டும். தலைவலி வரும் வரை காத்திருந்தது தவறு தம்பி. தாகம் எடுத்த பிறகு குடித்தால் போதும் என்பது நிழலில் இருப்பவர்களுக்கு. நீங்கள் கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள், அடித்தால் நாலு மிடறு. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகவும் வேண்டாம். காலையில் முதல் புட்டியையே ஓஆர்எஸ்ஸாகக் கரைத்து வைத்துவிடுங்கள், தேவைப்படும்போது கரைக்கலாம் என்று பொட்டலமாகவே வைத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, வெட்கப்படாமல் கேளுங்கள். சீட்டில் உரசும் இடம் புண்ணானால் ஐந்தாம் நாள் பயணம் நின்றுவிடும். தினமும் மாலை ஒரு குவளைத் தண்ணீராவது அதற்கு ஒதுக்கிச் சுத்தம் செய்து, காய விட்டு, தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.


முன்னாள்_ஹவில்தார் · அக்டோபர் 7

பூட்டியிருக்கக்கூடிய கடையைத் தண்ணீர் நிறுத்தமாக எழுதக் கூடாது. உங்கள் தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் எப்போதும் ஆள் இருக்கும் இடம்: கோயில், படை முகாம் வாசல், லாரி நிற்கும் தாபா, பெரிய ஊர். இன்னொன்றில் கிடைத்தால் கிடைக்கும் இடம். முதல் பத்தியை வைத்து மட்டும் தண்ணீர் ஏற்றுங்கள். பாதித் தண்ணீர் தீர்ந்தபோது பாதித் தூரம் தாண்டவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

ராத்திரி வெட்டவெளியில் கூடாரம் போடாதீர்கள், அதிலும் எல்லைப் பக்கம். ராம்கட்டில் தங்குங்கள், தனோட் கோயிலில் கேளுங்கள். எங்கே படுத்தாலும் காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். சுருட்டை விரியனும் தேளும் உள்ள மண்.


சத்தியவேடு_ஜன்னல் · அக்டோபர் 9

நான் தாவரவியல் படித்தவள். சைக்கிள் எனக்குத் தெரியாது, ஒரு மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வழியெல்லாம் தனித்தனியாக நிற்கும் மரத்தை அங்கே கேஜ்ரி என்பார்கள். அது நம் வன்னிமரம்தான். தெலுங்கில் ஜம்மி செட்டு, தசராவுக்குப் பூஜை செய்வோமே அதே மரம். 1730இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி ஊரில் இந்த மரத்தை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, அம்ரிதா தேவியோடு 363 பிஷ்னோய் மக்கள் உயிர் கொடுத்தார்கள். குளிர் காய்வதற்கென்று அதன் ஒரு கிளையையும் ஒடிக்காதீர்கள். அதன் காயைத்தான் கேர் சாங்க்ரி என்ற கறியில் போடுவார்கள், கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள். ஃபலோடி பக்கத்தில் கீச்சனில் குளிர்காலத்துக்கு வரும் குர்ஜா கொக்குகளைப் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள். காலையில் ஆயிரக்கணக்கில் இறங்கும்.


பஞ்சர்கடை · நவம்பர் 28

ரயில் விஷயம். யஷ்வந்த்பூரிலிருந்து பிகானேருக்கு நேர் ரயில் இருக்கிறது. சைக்கிளைப் பார்சலாகப் போடாமல் உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். அதே ரயிலில் ஏற்றுவதற்கு வாய்ப்பு அதிகம். இரண்டு வருடம் முன்பு எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டியை ஒரு நிலையத்தில் இறக்கி வைத்துவிட்டார்கள், கைக்கு வர மூன்று நாள். அதனால் பெடல், கைப்பிடி, பின் டிரெய்லியர் மூன்றையும் கழற்றிச் சட்டத்தோடு கட்டி, அட்டையும் சாக்கும் சுற்றி, பெயர், போன் எண், போகும் நிலையம் மூன்றையும் இரண்டு பக்கமும் பெரிதாக எழுதுங்கள். கழற்றிய சின்ன போல்ட்டுகள் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். வண்டி ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு நீங்கள் ஏறுங்கள். பிகானேரில் ஒரு நாளை உபரியாக வையுங்கள்.


குப்பம்_மிதிவண்டி · டிசம்பர் 20

நாளை கிளம்புகிறேன். 2.4 டயர், புது சீலண்ட், மெழுகு போட்ட சங்கிலி. தண்ணீருக்கு ஃபோர்க்கில் ஒன்றரை லிட்டர் புட்டி இரண்டு, சட்டப் பையில் இரண்டு லிட்டர் பை, கைப்பிடி அருகில் ஒரு லிட்டர். ஆறு சரியாக வருகிறது. நீர்ப்பையில் ஒரு மாதம் தண்ணீர் ஊற்றி ஊற்றி வைத்ததில் பிளாஸ்டிக் வாடை போய்விட்டது. இரண்டு பத்தித் தாளை வீட்டுச் சுவரில் ஒன்று ஒட்டியிருக்கிறேன், ஒன்று சட்டைப் பையில்.

அம்மாவிடம் அக்டோபரிலேயே சொல்லிவிட்டேன், அந்த வேப்பமரக் கதையோடு சேர்த்து. ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் ராகி, கடலை, எள் வறுத்துச் சத்துமாவு அரைக்க ஆரம்பித்தார். தினமும் ராத்திரி எட்டு மணிக்குள் நான் பேச வேண்டும், இல்லையென்றால் ஹவில்தார் ஐயாவைக் கூப்பிடுவார்.


குப்பம்_மிதிவண்டி · டிசம்பர் 31

ராம்கட்டிலிருந்து எழுதுகிறேன். வண்டி பத்திரமாக வந்தது. பிகானேர் முதல் ஜெய்சல்மேர் வரை ஐந்து நாள், காற்று முதுகில்தான் இருந்தது. கீச்சனில் குர்ஜா பார்த்தேன், சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கேர் சாங்க்ரியும் சாப்பிட்டேன். ஒரே ஒரு பிளக். ஜெய்சல்மேரில் தனோட், லோங்கேவாலா பாதையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்று ராம்கட் வருவதற்கே ஆறு மணி நேரம் ஆனது, காற்று பக்கவாட்டில். கைவிரல் விறைத்துப் போகிற குளிர்.

நாளை காலை ஆறரைக்கு தனோட். ஆறு லிட்டரும் நிரப்பியாகிவிட்டது, முதல் புட்டி ஓஆர்எஸ். 28 கி.மீ.யில் மூன்று லிட்டருக்குக் கீழே இருந்தால் திரும்புவேன்.


முன்னாள்_ஹவில்தார் · டிசம்பர் 31

ஆறரைக்கு இருட்டாக இருக்கும் தம்பி, அங்கே சூரியன் நம் ஊரைவிட ரொம்பத் தாமதம். வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். வெளியே வந்து முதலில் ஒரு பிடி மணலை மேலே விட்டுக் காற்றைப் பாருங்கள். மாலை கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் போன் அம்மாவுக்கு. அலைவரிசை கிடைக்கவில்லையென்றால் அங்கே உள்ள ஜவான்களிடம் கேளுங்கள், வழி சொல்வார்கள். எட்டு மணி வரை நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.